விட்டம் கடைசி நாளுக்கு, வாட்டம் முதல் நாளுக்கு

வளர்ந்துவரும் குடியிருப்புப் பகுதி ஒன்றுக்குப் பாதாளச் சாக்கடை அமைக்கப்போகிறார்கள் என்றால் முதலில் எழும் கேள்வி, குழாய் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதுதான். இந்த வேலையிலேயே சுலபமான பகுதி அது. எத்தனை பேர் என்று தெரிந்தால் ஒரு பொறியியல் மாணவர் அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். சிக்கல் என்னவென்றால், இன்று 40 வீடு இருக்கும் இடத்தில் இருபது ஆண்டில் 1,100 வீடு வந்துவிடலாம். ஒரே குழாய் இரண்டு காலத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இன்றைய அளவுக்குப் போட்டால் சில ஆண்டுகளிலேயே மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் தெருவுக்கு வரும். என்றோ வரப்போகும் அளவுக்கு மட்டும் பார்த்துப் போட்டால், அந்த நாள் வரும்வரை கசடு படிந்து படிந்து அடைத்துக்கொண்டே இருக்கும்.

குடிநீர்க் குழாய்க்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அது அழுத்தத்தில் ஓடுவதால் மேடு பள்ளம் பார்க்காது. போதவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு குழாய் போட்டுக்கொள்ளலாம். சாக்கடைக் குழாய் அப்படியில்லை. பெரும்பாலும் பாதி காலியாக, தானாகச் சரிந்து ஓட வேண்டியது அது. ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒருமுறை புதைத்து, மேலே சாலை போட்டு, இருபுறமும் வீடு கட்டிய பிறகு அதைத் தோண்டி மாற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாத காரியம். அதனால்தான் குழாய்களை முப்பது முதல் ஐம்பது ஆண்டுக் கணக்கில் திட்டமிடுகிறார்கள். பம்பு போன்ற இயந்திரங்களுக்குப் பதினைந்து ஆண்டு போதும். அவற்றைக் கழற்றி மாற்றலாம்.

சரி, கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 120 லிட்டர். 1,100 வீடு, சுமார் 4,500 பேர். நாள் முழுக்கச் சீராக வந்தால் நொடிக்கு 6 லிட்டருக்குச் சற்றே மேல். ஆனால் யாரும் சீராகக் குளிப்பதில்லை. காலை நேரத்து உச்சம் சராசரியைப் போலப் பல மடங்கு. அதைக் கணக்கிட ஹார்மன் என்பவர் 1918இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மக்கள்தொகையை ஆயிரத்தில் எழுதி, அதன் வர்க்கமூலத்தோடு 4ஐக் கூட்டி, 14ஐ அதனால் வகுத்து, 1ஐச் சேர்க்க வேண்டும். ஆயிரம் பேருக்கு 3.8 மடங்கு வரும். ஒரு லட்சம் பேருக்கு 2 மடங்குதான். கூட்டம் பெரிதாகப் பெரிதாக எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பது குறைகிறது, அவ்வளவுதான். நம் 4,500 பேருக்கு இது 3.3 மடங்கு. உச்ச ஓட்டம் நொடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர்.

250 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டத்தில், அதாவது சரிவில், போட்ட 200 மில்லிமீட்டர் குழாய், நிறைந்து ஓடும்போது கிட்டத்தட்ட அதே 20 லிட்டரைத்தான் கொண்டுபோகும். சாதாரணத் தெருக் குழாய் ஒன்றே ஒரு சிறிய நகருக்குப் போதும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். உண்மையில் நிறைந்து ஓட விடாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பார்கள், நிலத்தடி நீர் கசிந்து நுழைவதற்கும் ஒரு பங்கு சேர்ப்பார்கள். ஆகவே இதைவிட ஓரளவு பெரிய குழாய் வரும். அது கிடக்கட்டும். விட்டத்தைப் பற்றிய கதை இத்தோடு முடிந்தது.

முதல் ஆண்டில் என்ன ஓடுகிறது

இதே குழாயில் முதல் 40 வீடு மட்டும் குடியேறிய ஆண்டைப் பாருங்கள். 160 பேர். உச்ச நேரத்தில்கூட நொடிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. 200 மில்லிமீட்டர் குழாயின் அடியில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு போல நீர் ஓடும். வேகம் நொடிக்கு மூன்றில் ஒரு மீட்டர். மணலும் கசடும் படியாமல் அடித்துச் செல்ல நொடிக்கு 0.6 மீட்டராவது வேண்டும் என்பது உலகெங்கும் கையேடுகள் சொல்லும் அளவு. நிறைந்தாலோ பாதி நிறைந்தாலோ இந்தக் குழாயில் அந்த வேகம் கிடைக்கும். பாதிக்குக் கீழே இறங்க இறங்க வேகம் வேகமாகச் சரிகிறது. இவ்வளவும் முதன்மைக் குழாயின் கடைக்கோடியில். மேலே கிளைத் தெருக்களில் நான்கு வீடு, ஐந்து வீடு என்று இருக்கும். அங்கே நிலைமை இன்னும் மோசம்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. லண்டனின் பழைய செங்கல் சாக்கடைகளில் பல முட்டை வடிவத்தில், கூர் முனை கீழே இருக்கும்படி கட்டப்பட்டவை. கொஞ்சம் நீர் வந்தாலும் குறுகிய அடிப்பகுதியில் ஆழமாகச் சேர்ந்து வேகமாக ஓடும். நிறைய வந்தால் மேலே அகன்ற இடம் இருக்கிறது. இரண்டு காலத்துக்குமான விடையை வடிவத்திலேயே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் 1878இல் மஞ்சள் காய்ச்சலால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த பிறகு, 1880இல் ஜார்ஜ் வேரிங் என்ற பொறியாளர் அங்கே வேறு வழியில் போனார். மழைநீரைச் சேர்க்காத சிறிய குழாய்கள். ஒவ்வொரு கிளையின் தலைமாட்டிலும் தானாக நிறைந்து, ஒரே வீச்சில் கொட்டிக் குழாயைக் கழுவும் தண்ணீர்த் தொட்டி. நல்ல யோசனைதான். ஆனால் செலவு கருதி மேன்ஹோல்களைத் தவிர்த்துவிட்டார்கள், அடைப்பு ஏற்பட்டபோது எங்கே தோண்டுவது என்றே தெரியாமல் போனது. பின்னால் வந்தவர்கள் குழாயைப் பெரிதாக்கினார்கள், மேன்ஹோல்களும் வைத்தார்கள்.

இப்போதைய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிரேசிலுடையது. 1986இல் வந்த அந்நாட்டுத் தரநிலை, ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் இரண்டு ஓட்டங்களைக் கணக்கிடச் சொல்கிறது: திட்டத்தின் தொடக்க கால ஓட்டம், இறுதிக் கால ஓட்டம். விட்டத்தை இறுதி ஓட்டத்தை வைத்து முடிவு செய். வாட்டத்தைத் தொடக்க ஓட்டத்தை வைத்து முடிவு செய். குழாயின் அடியில் நீர் உரசும் விசை, பாஸ்கல் என்ற அழுத்த அலகில் ஒன்றாவது இருந்தால் கசடு நகரும் என்பது அதன் அளவுகோல். தொடக்க ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கணக்கில் நொடிக்கு 1.5 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கழிப்பறையைத் தண்ணீர் ஊற்றி விடும்போது எழும் அலை அந்த அளவு. இங்கிலாந்தின் விதி இதையே வீடுகளின் எண்ணிக்கையில் சொல்கிறது: பத்து வீடாவது இணைந்திருந்தால்தான் 150 மில்லிமீட்டர் குழாயை 150க்கு ஒன்று என்ற வாட்டத்தில் போடலாம். வீடு குறைந்தால் சரிவு கூட வேண்டும்.

வாட்டத்தைக் குறைத்துப் பள்ளம் தோண்டும் செலவை மிச்சம் பிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. பெரிய குழாய்க்குக் குறைந்த சரிவு போதும் என்று அட்டவணையில் இருக்கும். 200க்குப் பதிலாக 450 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் 800க்கு ஒன்று என்று ஏறக்குறைய மட்டமாகவே கொண்டுபோய்விடலாம், கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஆழம் மிச்சம். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். குழாய் பாதியாவது நிறைந்தால் மட்டுமே அந்தச் சரிவு போதும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இதை அறிந்தே அமெரிக்காவின் 'டென் ஸ்டேட்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற விதித்தொகுப்பு, சரிவைக் குறைப்பதற்காகக் குழாயைப் பெரிதாக்குவதை ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

ஆழம்தான் செலவு

குழாயின் விலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தெருவில் போட்ட சாக்கடையின் செலவில் பெரும்பகுதி தோண்டுவது, பள்ளம் சரியாமல் முட்டுக் கொடுப்பது, ஊறும் நீரை இறைப்பது, மூடிச் சாலையைச் சீராக்குவது ஆகியவற்றில் போகிறது. விட்டத்தை ஒரு படி கூட்டினால் ஆகும் கூடுதல் செலவு அவ்வளவு பெரிதில்லை. ஆழத்தை ஒரு மீட்டர் கூட்டினால் வலிக்கும். 250க்கு ஒன்று என்ற வாட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு நான்கு மீட்டர் கீழே போகிறோம். 100க்கு ஒன்று என்றால் பத்து மீட்டர். நிலமே அந்தத் திசையில் சரிந்தால் பிரச்சினை இல்லை. தட்டையான நிலத்தில் இரண்டு கிலோமீட்டருக்குள் கிணறு வெட்டும் ஆழத்துக்கு வந்துவிடுவோம்.

ஷிகாகோ இதற்குக் கண்ட தீர்வு வரலாற்றிலேயே விசித்திரமானது. ஏரியோரத்துச் சதுப்பு நிலம், குழாய்க்குச் சரிவே கிடைக்காது. 1855இல் பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோ தந்த திட்டப்படி, குழாயை ஆழத்தில் புதைப்பதற்குப் பதிலாகத் தெருவின் மேலேயே போட்டு, அதை மூடும்படி தெருவை உயர்த்தினார்கள். சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேல். அப்புறம் பக்கத்துக் கட்டடங்கள் பள்ளத்தில் மாட்டிக்கொண்டன. செங்கல் கட்டடங்களைக்கூட ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். வீடு வந்த பிறகு சாக்கடையை யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

ஆகவே திட்டம் கடைக்கோடியில் தொடங்க வேண்டும். கழிவுநீர் கடைசியாக எங்கே, எந்த மட்டத்தில் சேர்கிறது என்பது முதலில் உறுதியாக வேண்டும். அங்கிருந்து மேல்நோக்கி மட்டங்களைக் கணக்கிட்டுக்கொண்டு வர வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. மனைப் பிரிவு போடுபவர் தன் எல்லைக்குள் குழாய் போடுகிறார், எல்லையில் ஒரு மேன்ஹோல் கட்டி நிறுத்திவிடுகிறார். பின்னால் முதன்மைக் குழாய் வரும்போது பார்த்தால், அவருடைய மேன்ஹோல் அரை மீட்டர் தாழ்வாக இருக்கிறது. அந்த அரை மீட்டருக்காக ஒரு பம்பிங் ஸ்டேஷன், அதற்கு மின்சாரம், ஆள், ஆண்டுதோறும் பராமரிப்பு. அவருக்கு முன்கூட்டியே ஒரு மட்டம் கொடுத்திருந்தால் எதுவும் வேண்டியிருக்காது.

குழாய் இன்று போடாவிட்டாலும் அது போகும் பாதையை இன்றே ஒதுக்கிவிடலாம். நீர் போகும் திசையை நிலத்தின் சரிவுதான் முடிவு செய்கிறது, வார்டு எல்லையோ மனைப் பிரிவின் எல்லையோ இல்லை. தாழ்வான கோட்டில்தான் முதன்மைக் குழாய் போக முடியும். அந்தக் கோட்டில் வீடு எழுந்துவிட்டால் மாற்று வழி மேட்டில் ஏறும். வரைபடத்தில் ஒரு பட்டையை ஒதுக்கி வைப்பதற்கு ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்கு இன்று ஒரு பகுதி மட்டும் கட்டினாலும் முழு அளவுக்கான நிலத்தையும் சுற்றிலும் இடைவெளியையும் எடுத்து வைப்பதும் இப்படித்தான்.

தேங்கினால் என்ன ஆகும்

மெதுவாக ஓடும் கழிவுநீர் அடைப்பதோடு நிற்பதில்லை. நேரம் ஆக ஆக அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அந்த வாயு குழாயின் மேற்சுவரில் ஈரத்தோடு சேரும்போது வேறு வகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. கான்கிரீட் குழாய் அடியில் புதிதுபோல இருக்க, மேலே உளுத்துப் போகும். இதைச் செய்யும் பாக்டீரியாவை 1945இல் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் பிரித்தெடுத்துக் காட்டினார்.

பம்பிங் ஸ்டேஷனிலிருந்து போகும் அழுத்தக் குழாயில் இது உச்சத்துக்குப் போகிறது. நம் 40 வீட்டையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 19,200 லிட்டர். இரண்டு கிலோமீட்டர் நீள, 200 மில்லிமீட்டர் அழுத்தக் குழாய் ஒன்றின் கொள்ளளவு சுமார் 63,000 லிட்டர். அப்படியென்றால் ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய கழிவுநீர் மூன்று நாளுக்கு மேல் காற்றே இல்லாத குழாயில் கிடந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. வெளியே வரும் மேன்ஹோலில் நாற்றம் மட்டுமா வரும்? ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும், வாசனையே தெரியாது. 700 முதல் 1,000 பிபிஎம் வரை போனால் உள்ளே இறங்கிய தொழிலாளி ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். வளரும் பகுதியில் மக்கள் குறைவு, ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. அங்குதான் நீர் அதிகம் தேங்குகிறது. யாரும் உள்ளே இறங்கவே தேவைப்படாத அமைப்பைத் திட்டமிடும்போதே கொண்டுவர வேண்டும்: பீய்ச்சிக் கழுவும் இயந்திரத்தின் குழல் எட்டும் இடைவெளியில் மேன்ஹோல்கள், அந்த வண்டி போய் நிற்கக்கூடிய தெரு.

அழுத்தக் குழாய்க்குத் தீர்வு, ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக இரண்டு போடுவது. முதலில் சிறியதை மட்டும் ஓட்டுவது. விட்டம் பாதியானால் உள்ளே தேங்கும் அளவு நான்கில் ஒன்றாகிவிடும். பம்பிங் ஸ்டேஷனில் கழிவுநீர் வந்து சேரும் சேகரிப்புக் கிணற்றிலும் அரை மணி நேரத்துக்கு மேல் தேங்க விடாதபடி பம்பு ஓடும் மட்டங்களைத் தாழ்த்தி வைப்பார்கள். முதல் ஓரிரு ஆண்டுக்குப் பம்பை ஓட்டாமலே, சேர்ந்ததை லாரியில் எடுத்துப் போவதும் உண்டு. பார்க்க அவமானமாக இருக்கலாம், கணக்கில் பல நேரம் அதுதான் மலிவு.

மாடியில் விழும் மழை

மழைநீருக்கு வேறு கால்வாய், கழிவுநீருக்கு வேறு குழாய் என்பதைப் புதிய பகுதிகளில் இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்ட லண்டன், அதன் பழைய அமைப்பு மழையில் தேம்ஸுக்குள் வழிவதைத் தடுக்க 25 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றை வெட்டி, 2025இல்தான் முழுமையாக இணைத்து முடித்தது.

ஏற்றுக்கொள்வது ஒன்று, வீட்டுக்காரர் செய்வது வேறு. 100 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் நொடிக்கு 0.8 லிட்டர் இறங்கும். நான்கு பேர் வாழும் வீட்டின் கழிவுநீர் உச்ச ஓட்டம் 0.018 லிட்டர். ஒரு மாடியின் மழைக்குழாயைச் சாக்கடைச் சேம்பரில் (வீட்டுக் குழாய் வந்து சேரும் சிறு தொட்டியில்) விட்டால் 45 வீட்டை இணைத்ததற்குச் சமம். நம் 1,100 வீட்டுக் குழாயை நிரப்ப 25 மாடிகள் போதும். இதனால்தான் ஒரு பகுதி நிரம்புவதற்கு வெகுகாலம் முன்பே மழைநாளில் மேன்ஹோல்கள் பொங்குகின்றன. உடனே 'குழாய் சிறிதாகப் போட்டுவிட்டார்கள்' என்ற பழி வருகிறது. பெரிய குழாய் இதற்கு மருந்தாகாது. மழைநீர் போக வேறு இடம் இல்லாத தெருவில் வீட்டுக்காரர் வேறென்ன செய்வார்? மழைநீர்க் கால்வாயும் சாக்கடையும் ஒன்றாகவே வர வேண்டும், முடிந்தால் கால்வாய் ஒரு நாள் முன்னதாக.

யார் வருவார்கள், யார் இணைவார்கள்

மக்கள்தொகைப் போக்கை அப்படியே நீட்டி வருங்காலத்தைக் கணிப்பது ஒரு நகரத்துக்குப் பொருந்தலாம், நாற்பது தெருவுக்குப் பொருந்தாது. இன்ன நிலத்தில் எத்தனை மாடி வரை அனுமதி, எல்லா மனையும் நிரம்பினால் எத்தனை பேர் என்று முழு நிறைவு நிலையைக் கணக்கிடுவதே உத்தமம். தனி வீட்டு மனைகள் பத்து ஆண்டில் நான்கு மாடி அடுக்ககங்களாக மாறினால், விதியை மாற்றிய அன்றே குழாயின் ஆயுள் பாதியாகிவிட்டது என்று பொருள். நில உபயோகத்தை மாற்றும் அலுவலகமும் குழாய் போடும் அலுவலகமும் பேசிக்கொள்ளாத இடங்களில் இது வழக்கமாக நடக்கிறது.

கணிப்பு மறுபக்கமும் தவறலாம். ஜெர்மனி ஒன்றிணைந்த 1990க்குப் பிறகு கிழக்குப் பகுதியில் பெருவளர்ச்சியை எதிர்பார்த்துச் சாக்கடைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் அமைத்தார்கள். ஆட்கள் மேற்கே போனார்கள், இருந்தவர்களும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்தார்கள். பெரிய குழாய்களில் போதிய ஓட்டம் இல்லாமல், குழாயைக் கழுவவே தண்ணீர் விட வேண்டியதாயிற்று.

மக்கள் வந்துவிட்டாலும் இணைப்பு தானாக வந்துவிடாது. சாக்கடைக்கு முன் வந்தவர்கள் செப்டிக் டேங்க் கட்டிவிட்டார்கள். அது வேலை செய்கிறது. இணைப்புக் கட்டணம் கட்டி, தரையைப் பெயர்த்து, பின்பக்கக் கழிப்பறைக் குழாயை முன்பக்கம் திருப்ப அவர்களுக்கு என்ன அவசரம்? இதனால் காகிதத்தில் 400 வீடு, குழாயில் 90 வீட்டு நீர் என்ற நிலை பல ஆண்டு நீடிக்கும். ஒவ்வொரு மனையின் எல்லையிலும் ஒரு சேம்பரைக் குழாய் போடும்போதே கட்டி மூடி வைத்துவிட்டால் பாதித் தடை போய்விடும். பிறகு சாலையை வெட்ட வேண்டியதில்லை. கட்டணத்தைத் தவணையில் வாங்கினால் மீதியும் குறையும்.

சில இடங்களில் வழக்கமான அமைப்பே வேண்டாம். பிரேசிலியா நகரம் 1990களில் கைக்கொண்ட முறையில், கனரக வண்டி போகாத நடைபாதை ஓரத்திலோ வீட்டு முற்றத்திலோ ஆழமில்லாமல் சிறு குழாய் போய், ஒரு வீட்டு வரிசைக்கே ஒரு இணைப்பாக முதன்மைக் குழாயில் சேர்கிறது. தோண்டும் செலவு வெகுவாகக் குறையும். அக்கம்பக்கத்தார் ஒத்துப்போக வேண்டும். செப்டிக் டேங்கை வைத்துக்கொண்டே தெளிந்த நீரை மட்டும் மெல்லிய குழாயில் எடுப்பதும் உண்டு. தட்டையான, நீர் ஊறும் நிலத்துக்கு, காற்றை உறிஞ்சிக் கழிவுநீரை இழுக்கும் வெற்றிடக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்புக் கடமை ஒட்டிக்கொண்டு வருகிறது.

கடைசியில் எல்லாத் திட்டமும் மாட்டிக்கொள்ளும் இடம் பணம். 1,100 வீட்டுக்கான குழாய்க்கு இன்று இருக்கும் 40 வீடா கொடுக்கும்? முதலில் மனை போட வந்தவரிடம் முழுச் செலவையும் கேட்டால் அவர் தன் அளவுக்குச் சிறு குழாய் போட்டுவிட்டுப் போய்விடுவார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதற்குச் சட்டமே இருக்கிறது: முதலில் வந்தவர் பெரிய குழாயைப் போட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் அந்தக் குழாயில் இணையும் பின்வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்கை வசூலித்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். பின்வந்தவர்கள் வராமலே போனால் அவர் பணம் போனதுதான். அந்த ஆபத்தை அவர் தலையில் போடாமல் நகராட்சியே கடன் வாங்கிக் கூடுதல் செலவை ஏற்று, இணைப்புக் கட்டணத்தில் மெல்ல எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. எதை எடுத்தாலும், குழாய்க்கு ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே யார் எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் முடித்தாக வேண்டும். பள்ளம் தோண்டிய பிறகு தொடங்கும் பேரத்தில் முதலில் வெட்டப்படுவது குழாயின் விட்டம், அடுத்தது மழைநீர்க் கால்வாய்.